ஜொகானஸ்பர்க்கில் ஆப்பிரிக்கச் சாப்பாடு: புதிதாக வந்தவர்கள் எங்கே, எப்படித் தொடங்குவது?

ஜொகானஸ்பர்க்குக்கு வேலைக்கோ படிப்புக்கோ வரும் நம்மவர்கள் பலர் சான்ட்டன், ரோஸ்பேங்க் பக்கம்தான் வீடு பார்க்கிறார்கள். அங்கே பீட்சா கிடைக்கும், சுஷி கிடைக்கும். மசாலா வாசனை வேண்டுமென்றால் ஃபோர்ட்ஸ்பர்க் போய் பிரியாணி சாப்பிடலாம். இப்படியே வருடங்களை ஓட்டிவிட்டு, இந்த மண்ணின் சாப்பாட்டை ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் ஊர் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். ஆப்பிரிக்காவின் பாதி அடுப்புகள் இந்த ஒரு நகரத்தில் எரிகின்றன.

அதற்குக் காரணம் தங்கம். 1886-இல் இங்கே தங்கம் கிடைத்தது, அப்போதுதான் நகரமே பிறந்தது. சுரங்கங்களுக்கு மொசாம்பிக், லெசோத்தோ, மலாவி என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். 1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு எத்தியோப்பியர்கள், சோமாலியர்கள், காங்கோ, நைஜீரியா, ஜிம்பாப்வே மக்கள் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் ஒரு பேட்டையைப் பிடித்துக்கொண்டது. அந்தந்தப் பேட்டையில் அந்தந்த ஊர்ச் சாப்பாடு.

அதனால் கைப்பேசியில் 'ஆப்பிரிக்க உணவகம்' என்று தேடாதீர்கள். அப்படித் தேடினால் சுற்றுலாப் பயணிகளுக்காக அலங்கரித்த, எல்லா நாட்டு உணவும் கொஞ்சம் கொஞ்சம் உள்ள இடங்கள்தான் முதலில் வரும். எந்த ஊர்க்காரர்கள் எந்தத் தெருவில் கடை போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அவர்கள் மதியம் எங்கே உட்கார்கிறார்களோ அங்கே உட்காருங்கள். இந்தக் கட்டுரை அந்தத் தெருக்களைப் பற்றியது.

கிளம்புவதற்கு முன்

பகலில் போங்கள். நகர மையம், யோவில் போன்ற இடங்களில் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே போவதுதான் நல்லது. சாப்பாடும் அப்போதுதான் சூடாக இருக்கும். இருட்டிய பிறகு அந்தத் தெருக்களில் நடக்க வேண்டாம். யூபர், போல்ட் இரண்டும் இங்கே நன்றாக ஓடுகின்றன. கடை வாசலிலேயே இறங்கி, வாசலிலேயே ஏறுங்கள். தெருவில் நின்றுகொண்டு கைப்பேசியில் வழி பார்க்காதீர்கள், பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு எடுத்தால் போதும். சிறு கடைகளில் அட்டை எடுக்காமல் போகலாம், சில்லறை நோட்டுகளாக ராண்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வணக்கம். இது மிக முக்கியம். கடைக்குள் நுழைந்ததும் 'எனக்கு ஒரு தட்டு' என்று ஆரம்பித்தால் முரட்டுத்தனமாகத் தெரியும். 'சவுபோனா' என்றோ, 'துமெலா' என்றோ சொல்லிவிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு, அதற்குப் பிறகு ஆர்டர் செய்யுங்கள். சமைக்கும் அம்மாவை 'மாமா' என்று கூப்பிடுவார்கள், தாய் என்ற மரியாதையில். இளைஞர் என்றால் 'பூட்டி', இளம்பெண் என்றால் 'சிசி'. இந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு கரண்டியில் வரும் கறியின் அளவே மாறிவிடும்.

முதல் தட்டு: பாப்

இங்கத்திய சாப்பாட்டின் அடித்தளம் பாப். வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டி எடுப்பது, நம் களியைப் போல. கெட்டியாக இருப்பது ஸ்டைவ பாப், உதிரியாக இருப்பது புத்து, கஞ்சிபோல் காலையில் குடிப்பது ஸ்லாப் பாப். வலது கையால் ஒரு கிள்ளு எடுத்து, உருட்டி, கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தி, அதில் குழம்பை அள்ளிச் சாப்பிட வேண்டும். நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பல கடைகளில் கை கழுவ மேசைக்கே தண்ணீர் கொண்டுவருவார்கள்.

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். அதற்கு முன்னால் இங்கே ஆண்டது சோளம். அந்தப் பழைய ருசி வேண்டுமென்றால் 'டிங்' கேளுங்கள். சோளமாவைப் புளிக்கவைத்துக் கிண்டுவது, ட்ஸ்வானா மக்களின் உணவு. எல்லா இடத்திலும் கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள்.

பாப் சாப்பிட மிக எளிய இடம் டாக்சி ஸ்டாண்டுகளைச் சுற்றியுள்ள பெண்களின் அடுப்புகள். டாக்சி என்றால் இங்கே மினிபஸ். வார நாளில் மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் பெரிய பெரிய பாத்திரங்கள் திறக்கும். ஒரு தட்டு வாங்கினால் பாப், ஒரு கறி, பக்கத்தில் கோஸ், பீட்ரூட், கீரை. கறியில் எதை எடுப்பது என்று குழம்ப வேண்டாம். முதல் தடவை 'ஹார்ட்பாடி' கோழி கேளுங்கள், உம்லெக்வா என்றும் சொல்வார்கள். ஓடித் திரிந்த நாட்டுக்கோழி. நேரமெடுத்து வேகவைத்த குழம்பு, மசாலா குறைவு, எலும்பின் சாரம் முழுக்க அதில் இறங்கியிருக்கும். அடுத்த தடவை மொகோடு, அதாவது குடலும் இரைப்பையும். வாரக்கணக்கில் குளிர் அடிக்கும் ஜூன், ஜூலையில் இந்த ஊர்க்காரர்கள் தேடிப்போவது மொகோடுவைத்தான். கோழிக்கால், கோழித்தலை இரண்டும் சேர்ந்தால் அதற்கு 'வாக்கி டாக்கி' என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை யாராவது உங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், தயவுசெய்து போங்கள். அன்றைக்கு 'செவன் கலர்ஸ்'. சோறு, கோழி, பூசணி, பீட்ரூட், கீரை, உருளைக்கிழங்கு சாலட், சக்கலக்கா என்று தட்டில் நிறம் நிறமாக இருக்கும். சில கடைகளும் ஞாயிறு மதியம் இதைப் போடுகின்றன. ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஈடில்லை.

ஷிசா ந்யாமா

சனிக்கிழமை மதியம் நகரத்தின் புகையை மோந்துகொண்டே போனால் ஷிசா ந்யாமாவில் போய் நிற்பீர்கள். கறிக்கடையும் அடுப்பும் ஒரே இடத்தில். புதியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் மெனு கார்டு இருக்காது, யாரும் மேசைக்கு வந்து கேட்கவும் மாட்டார்கள். முறை இதுதான்.

முதலில் கறிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் வரிசையில் நில்லுங்கள். கறியைக் கையால் காட்டி, எடை சொல்லி வாங்க வேண்டும். ஆளுக்கு அரைக் கிலோ தாராளம். சக் என்ற மாட்டுத் தோள்கறி, விலாக்கறி, ஆட்டுச் சாப்ஸ், கோழி இறக்கை எதுவும் வாங்கலாம். கொழுப்புக் கொஞ்சம் ஓடுகிற துண்டாகப் பாருங்கள், அதுதான் விறகு நெருப்பில் வறண்டு போகாது. பணத்தை அங்கேயே கட்டிவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் அடுப்புக்காரரிடம் போங்கள். உப்பு மட்டுமா, மசாலாவும் போடவா என்று கேட்பார். இரண்டும் சொல்லலாம், ஆனால் முதல் தடவை உப்பு மட்டும் என்று சொல்லிப் பாருங்கள். இங்கத்திய கறிக்கு அது போதும். நன்றாக வேகவேண்டும் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அரை மணி நேரம் ஆகலாம். அதற்குள் வேறு ஜன்னலில் பாப்பும் சக்கலக்காவும் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சக்கலக்கா என்பது வெங்காயம், தக்காளி, கேரட், குடமிளகாய், சில சமயம் வெள்ளை பீன்ஸ், கறிப்பொடி எல்லாம் சேர்ந்த காரத் தொடுகறி. சுரங்கத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து கையில் கிடைத்ததைப் போட்டுச் செய்தது என்று சொல்வார்கள். கறி ஒரு மரப்பலகையில் வெட்டிப் பரப்பி வரும். எல்லோரும் ஒரே பலகையிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். அடுப்புக்காரருக்குக் கொஞ்சம் டிப்ஸ் கொடுங்கள், நாள் முழுக்க அந்தப் புகையில் நிற்கிறவர் அவர். இதெல்லாம் நடக்கும்போது பின்னணியில் அமாபியானோ இசை அதிரும். அந்த இசை பிறந்ததே இந்த மாகாணத்து டவுன்ஷிப்களில்தான், அதாவது நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த குடியிருப்புகளில்.

எங்கே போவது? நகர மையத்தின் தென்கிழக்கு ஓரத்தில், எம்2 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், க்வா மாய் மாய் சந்தை. பாரம்பரிய வைத்தியர்களின் வேர், பட்டை, மூலிகைக் கடைகள், ஜூலு உடைகள், மணி வேலைகள் எல்லாம் உள்ள பழைய சந்தை அது. வார இறுதியில் அங்கே கறி சுடும் புகைதான் முதலில் வரவேற்கும். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், வைத்தியர்கள் பலருக்குப் பிடிக்காது. நகரத்தின் தென்மேற்கில் உள்ள பெரிய டவுன்ஷிப்பான சொவேட்டோவில், ஒர்லாண்டோ கோபுரங்களின் அடியில் சாஃப் போசி என்ற ஷிசா ந்யாமா இருக்கிறது. பழைய மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள் அவை, மேலிருந்து ஆட்கள் பஞ்சி கயிற்றில் குதிப்பார்கள், நீங்கள் கீழே உட்கார்ந்து கறி சாப்பிடலாம். குடும்பத்தோடு, குழந்தைகளோடு முதல் தடவை போவதற்கு இது வசதி.

சொவேட்டோ

ஒர்லாண்டோ வெஸ்ட்டில் விலகாசி தெரு. மண்டேலா வாழ்ந்த 8115 எண் வீடும் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் வீடும் ஒரே தெருவில். 1976 ஜூன் 16 அன்று மாணவர்கள் சுடப்பட்டதை நினைவுகூரும் ஹெக்டர் பீட்டர்சன் நினைவகம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள், சாப்பாடு பிறகு. விலகாசி தெருவில் சகும்சி என்ற உணவகத்தில் பஃபே உண்டு. ஆமாம், சுற்றுலாப் பயணிகள் நிறைய வரும் இடம்தான். ஆனாலும் புதியவருக்கு நான் அதைச் சொல்வேன், ஏனென்றால் மொகோடு, உம்ங்குஷோ, மொரோகோ, டொம்போலோ எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்து, எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று ஒரே மதியத்தில் தெரிந்துகொள்ளலாம்.

உம்ங்குஷோ என்பது உடைத்த மக்காச்சோளமும் பீன்ஸும் மணிக்கணக்கில் சேர்ந்து வெந்தது, கோசா மக்களின் உணவு, மண்டேலாவுக்கு மிகப் பிடித்தது என்பார்கள். மொரோகோ என்பது கீரை. முளைக்கீரை இனம், பூசணி இலை, தட்டப்பயறு இலை எல்லாம் அதில் அடக்கம். டொம்போலோ ஆவியில் வெந்த ரொட்டி, குழம்பில் தோய்த்துச் சாப்பிட.

காலையில் போனால் மக்வின்யா வாங்குங்கள். மைதா மாவைப் புளிக்கவைத்து எண்ணெயில் பொரித்த உருண்டை. உள்ளே அச்சார் வைத்துத் தருவார்கள். மதியம் என்றால் கோட்டா: கால் பங்கு ரொட்டியைக் குடைந்து, வறுத்த உருளைக்கிழங்கு, சாசேஜ், சீஸ், அச்சார் எல்லாம் அடைத்தது. இந்த அச்சாரில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் மக்களும் மற்ற இந்தியர்களும் கொண்டுவந்த மாங்காய் ஊறுகாய்தான் இன்றைக்குச் சொவேட்டோவில் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் வாளி வாளியாக விற்கிறது.

குடிப்பதற்கு: மதுவில்லாமல் வேண்டுமென்றால் மகேயு, புளித்த மக்காச்சோளப் பானம், எந்தக் கடையிலும் அட்டைப் பெட்டியில் கிடைக்கும். சோளமும் மக்காச்சோளமும் சேர்த்து வடிக்கும் பீர் உம்கொம்போத்தி. கறுப்பின மக்கள் சுதந்திரமாக மது வாங்குவதையே 1960களின் தொடக்கம் வரை சட்டம் தடுத்திருந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் வீட்டிலேயே வடித்து ரகசியமாக விற்ற இடங்கள்தான் ஷெபீன்கள். ஒரே பாத்திரம் கை மாறி வரும். ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.

ஜெப்பி: எத்தியோப்பியத் தெரு

நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாப்பாட்டுத் தெரு இது. வரைபடத்தில் ரஹிமா மூசா தெரு என்று இருக்கும். 1956-இல் பிரிட்டோரியாவுக்குப் பேரணி நடத்திய பெண் தலைவர்களில் ஒருவர் அவர். ஆனால் வியாபாரிகள் எல்லோருக்கும் இன்னும் பழைய பெயர்தான், ஜெப்பி. மெடிக்கல் ஆர்ட்ஸ் பில்டிங் என்று கேளுங்கள். ஒரு காலத்தில் டாக்டர்களின் கிளினிக்குகள் இருந்த கட்டடம். இப்போது ஒவ்வொரு அறையும் துணிக்கடை. மாடிகளிலும் சந்துகளிலும் உணவகங்கள். வெளியே பலகைகூட இருக்காது, காப்பி வறுக்கும் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

தனியாகப் போக யோசனையாக இருந்தால், வழிகாட்டியோடு நகர மையத்தைச் சுற்றிக்காட்டும் நடைப்பயணங்கள் இருக்கின்றன. முதல் தடவை அப்படிப் போய் இடத்தைப் பழகிக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்ததும் ஒரு பெரிய வட்டத் தட்டில் இஞ்சேரா விரித்து, அதன் மேல் கறிகளைக் கொட்டி வைப்பார்கள். டெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தின் மாவை நாள்கணக்கில் புளிக்கவைத்துச் சுடுவது. நல்ல புளிப்பு. தென்னாப்பிரிக்காவில் டெஃபை மாட்டுத் தீவனப் புல்லாகத்தான் அதிகம் பயிரிடுகிறார்கள். அதே பயிர் ஜெப்பியில் சாப்பாட்டுக்கே உயிர். இஞ்சேராவை ஓரத்திலிருந்து கிழித்து, கறியைச் சுற்றி எடுத்துச் சாப்பிடுங்கள். அடியில் குழம்பு ஊறிக் கிடக்கும் பகுதியைக் கடைசியில் சாப்பிட வேண்டும், அதுதான் சிறந்த வாய். பக்கத்தில் உட்கார்ந்தவர் உருட்டி உங்கள் வாயில் ஊட்டினால் திகைக்காதீர்கள். குர்ஷா என்பார்கள், அன்பின் அடையாளம். வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்களுக்கு ஜொகானஸ்பர்க்கில் இதைவிட நல்ல இடம் இல்லை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் விரதம், ஈஸ்டருக்கு முன் 55 நாள் விரதம். விரதத்தில் கறி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. அந்த நாள்களில் போய் 'பெயாய்நெட்டு' கேட்டால், பெர்பெரே மிளகாய்ப் பொடியில் வெந்த மைசூர் பருப்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கடலைமாவுக் குழம்பான ஷிரோ, கீரை, கோஸ், பீட்ரூட் எல்லாம் வட்டமாக அடுக்கி வரும். மற்ற நாள்களில் காய்களிலும் மசாலா வெண்ணெய் சேர்ந்திருக்கலாம். அசைவம் என்றால் டோரோ வாட், வேகவைத்த முட்டையோடு வரும் கோழிக்குழம்பு. வெங்காயத்தை அவ்வளவு நேரம் வதக்கித்தான் அந்தக் கெட்டித்தன்மை வருகிறது. கிட்ஃபோ பச்சை மாட்டுக்கறி, தெரிந்துகொண்டு கேளுங்கள்.

சாப்பிட்டதும் எழுந்துவிடாதீர்கள். காப்பி பச்சைக் கொட்டையிலிருந்து தொடங்கும். வறுத்து, அந்தப் புகையை உங்கள் முகத்துக்கு நேராகக் காட்டிவிட்டு, இடித்து, ஜெபெனா என்ற மண் கூஜாவில் காய்ச்சுவார்கள். சாம்பிராணி புகையும், கூடவே சோளப்பொரி வரும். மரபுப்படி மூன்று சுற்று. நேரம் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்.

மேஃபேர்

ஃபோர்ட்ஸ்பர்க்கில் பிரியாணிக்குப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் மேஃபேர். எட்டாவது அவென்யூவைச் சுற்றிச் சோமாலியர்கள். ஆட்டுக்கறியும் பாரிஸ் என்ற மசாலாச் சோறும் கேளுங்கள். சோற்றோடு ஒரு முழு வாழைப்பழம் வரும். அது கடைசியில் சாப்பிட அல்ல. ஒவ்வொரு கவளத்தோடும் ஒரு கடி கடிக்க வேண்டும், அப்போதுதான் பச்சை மிளகாய்ச் சட்னியான பஸ்பாஸின் காரம் பொருந்தும். முதலில் ஒரு கோப்பை எலும்பு சூப் வரும். காலையில் போனால் தோசைபோன்ற கன்ஜீரோவும் ஏலக்காய்ப் பால் தேநீரும். எல்லாம் ஹலால், மது இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும், ரமலான் மாதத்தில் மாலைதான் களை கட்டும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு இந்தப் பேட்டை நிம்மதி, ஆடும் கோழியும் தாராளம். மற்ற இடங்களில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். குறிப்பாக பூரவோர்ஸ் சாசேஜ், அதில் மாட்டிறைச்சிதான் பெரும்பகுதி, பன்றிக்கொழுப்பும் இருக்கலாம். மொகோடு பெரும்பாலும் மாட்டுக்குடல். காய்கறியாகத் தெரியும் உம்ங்குஷோவில்கூட எலும்பு போட்டு வேகவைத்திருப்பார்கள். 'கறி சாப்பிடமாட்டேன்' என்றால் கோழி கொண்டுவரும் இடங்கள் உண்டு, அதனால் 'கோழி, மீன், எலும்புச் சாறு எதுவும் வேண்டாம்' என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

யோவில்

ரொக்கி தெருவும் ராலே தெருவும் சேரும் இந்தப் பேட்டையில் காங்கோ, கேமரூன், நைஜீரியா, ஜிம்பாப்வே எல்லாம் அடுத்தடுத்த கதவு. காங்கோக் கடையில் கரியில் சுட்ட திலாப்பியா மீனும், பொண்டுவும், மரவள்ளி மாவுக் களியான ஃபூஃபூவும். பொண்டு என்பது இடித்த மரவள்ளி இலையைப் பாமாயிலில் வேகவைத்தது. நைஜீரியக் கடையில் எகுசி, அரைத்த முலாம்பழ இன விதைக் குழம்பு, இடித்த வள்ளிக்கிழங்கு உருண்டையோடு. ஜிம்பாப்வேக்காரர்களிடம் பாப்பின் பெயர் சட்ஸா. அவர்களிடம் வேர்க்கடலை விழுது சேர்த்த கீரை கேளுங்கள், அவ்வளவு நல்லது. மடோரா என்று உலர்ந்த மொபானிப் புழுவும் விற்பார்கள். மொபானி மரத்து இலையைத் தின்று வளரும் கம்பளிப்புழு அது. தக்காளி வெங்காயத்தில் வதக்கினால் முறுமுறுவென்று இருக்கும், புரதம் நிறைய.

இந்த மக்கள் இங்கே நிம்மதியாக வாழ்ந்துவிடவில்லை. 2008-இல் வெளிநாட்டவர்மீது நடந்த தாக்குதல்களில் 62 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகும் கலவரங்கள் வந்தன, கடைகள் சூறையாடப்பட்டன. நகரத்தில் பதற்றம் என்று செய்தி வந்தால் அந்த வாரம் போக வேண்டாம். அடங்கிய பிறகு கட்டாயம் போங்கள், அப்போதுதான் அவர்களுக்கு வாடிக்கையாளர்கள் தேவை.

துணையோடு போக விரும்பினால், பொன்டே என்ற வட்டக் கோபுரத்தில் இயங்கும் ட்லாலா ந்ஜே அமைப்பு யோவிலையும் ஹில்பிரோவையும் நடந்து சுற்றிக்காட்டுகிறது. சன்சா சண்டிலே என்ற சமையல்காரர் ரொக்கி தெருவில் நடத்தும் யோவில் டின்னர் கிளப்பில் ஒரே நீள மேசையில் எல்லோரும் உட்கார்ந்து கண்டம் முழுவதன் ருசியையும் சாப்பிடலாம். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

வீட்டில் சமைத்துப் பார்க்க நினைத்தால் யோவில் சந்தையில் எல்லாம் கிடைக்கும்: சிவப்புப் பாமாயில், உப்புமீன், பெரிய வாழைக்காய், மரவள்ளி மாவு, மரவள்ளி இலை. இலையை மட்டும் கவனம். பச்சை மரவள்ளி இலையில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. நன்றாக இடித்து, மூடாத பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் நீண்ட நேரம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் பாமாயிலும் வெங்காயமும் சேர்க்க வேண்டும். விற்கும் அம்மாவிடமே கேளுங்கள், எவ்வளவு நேரம் வேகவைப்பது என்று பொறுமையாகச் சொல்லித் தருவார்.